பத்து நாளில் ஏழு நாடா, ஒரு மாதம் ஒரே ஊரா?

மில்லை மகன் பார்த்துக்கொள்கிறான். பெரிய கடன் எதுவும் பாக்கி இல்லை. தோட்டத்தில் பண்ணையம் பார்க்க நம்பிக்கையான ஆள் இருக்கிறது. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் கார் டிக்கி கொள்ளாத அளவுக்கு வாங்கி வருவார். வாங்கியதில் முக்கால்வாசியைப் படித்தும்விடுவார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். இனி உலகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்திருக்கிறார். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இப்படிப்பட்டவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. பேச்சு எடுத்த உடனே எல்லோரும் கேட்பது "எந்த நாடுங்?" என்றுதான். எப்படிப் போகப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. செலவு, அலுப்பு, அனுபவம் மூன்றையும் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

நம் பக்கத்தில் நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு. டூர் கம்பெனியோடு கூட்டமாகப் போவது. தொழில் விஷயமாகப் போகும்போது கூடச் சில நாள் தங்கிவிட்டு வருவது. வெளிநாட்டில் ஒரு வீடே வாங்கிப்போடுவது. ஒரே ஊரில் வாடகைக்கு வீடு எடுத்து ஒரு மாதம் இருப்பது. சொகுசுக் கப்பலை இதில் சேர்க்கவில்லை. அது மிதக்கிற ஓட்டலில் எடுக்கும் விடுமுறை. ஓய்வுக்கு நல்லது, ஊர் பார்க்க உதவாது.

என் சாய்வு நான்காவது பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது. யாருக்கு ஒத்துவராது என்பதில் பணத்தைவிட வீட்டு நிலவரத்துக்குத்தான் பங்கு அதிகம்.

கூட்டத்தோடு போவது

டூர் கம்பெனிப் பயணத்தைக் கிண்டல் செய்வது படித்தவர்களுக்கு ஒரு பழக்கம். அதன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

காலை ஆறு மணிக்கு அறைக்கு போன் வரும். ஏழு மணிக்குள் பெட்டி கீழே வந்துவிட வேண்டும். கோவையிலிருந்து கிளம்பும் பல குழுக்களில் சமையல்காரர் கூடவே வருகிறார். பஸ் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், குளிரில் ஆவி பறக்க, பேப்பர் தட்டில் வெண்பொங்கலும் கெட்டிச் சட்னியும் கிடைக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திய பெரியம்மா ஒருவர் "சீரகம் பத்தல" என்பார். எட்டு மணிக்கு வண்டி கிளம்பும்.

அதன் பிறகு நாளை ஆளப்போவது ஓட்டுநரின் நேரக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை. வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிறது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சாக்லேட் கடையிலிருந்து நான்கு பேர் இருபது நிமிடம் தாமதமாக வந்தால், அந்த இருபது நிமிடம் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடத்திலிருந்துதான் கழியும். பெரும்பாலும் அது ஒரு அருங்காட்சியகமாகவோ பழைய நகரமாகவோ இருக்கும். கடை கழிவதில்லை.

பாரிஸில் லூவ்ரு அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 35,000 பொருட்கள் காட்சிக்கு இருக்கின்றன. குழுவுக்குக் கிடைக்கும் நேரத்தில் மோனாலிசா இருக்கும் அறைக்குப் போய்த் தலைகளுக்கு மேலே போனைத் தூக்கிப் படம் எடுத்துத் திரும்பலாம். பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டங்களைப் பொறித்த கருங்கல் அதே கட்டிடத்தில்தான் நிற்கிறது. பள்ளிப் புத்தகத்தில் படித்த நாள் முதல் அதைப் பார்க்க ஆசைப்பட்டவர் குழுவில் இருந்தாலும், கொடி பிடித்த வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். வாசிக்கிறவருக்கு டூரில் வரும் குறை இதுதான். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சரியாகவே இருக்கும். நின்று பார்ப்பதற்குத்தான் நேரம் இருக்காது.

ஆனால் ஒன்று. மலை பார்க்க இந்த வழி போதும். சுவிட்சர்லாந்தில் யுங்பிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912-ல் பாறையைக் குடைந்து அங்கே ரயில் விட்டார்கள். தனியாகப் போனாலும் அதே ரயில்தான், அதே பனிதான். மேலே போனால் பெரிதாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை, பார்த்தால் போதும். எழுபத்தைந்து வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? யோசிக்காமல் டூரில் போங்கள். விசா காகிதம், சக்கர நாற்காலி, மருந்துக் கடை, ரசம் சாதம் எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் பொறுப்பாக இருப்பது சாதாரண விஷயம் அல்ல. முப்பது வருடம் அடுப்படியில் நின்ற வீட்டம்மா, காலையில் எழுந்ததும் யாரோ செய்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதற்கு ஆசைப்பட்டால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பணக் கணக்கில் ஒரு விஷயம். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போதே டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டிப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கண்காட்சியோடு ஒட்டிய நான்கு நாள்

கொங்கு நாட்டில் படிப்பு, தொழில், பயணம் மூன்றையும் ஒன்றாக முடிந்துகொண்டவர் என்றால் ஜி.டி. நாயுடுதான். 1893-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. தானாகத் தேடித் தேடிப் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர், முப்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போய்வந்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். கண்ணில் பட்ட இயந்திரத்தை எல்லாம் இதை நம் ஊரில் செய்ய முடியுமா என்கிற கண்ணோடு பார்த்த மனிதர். அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இன்றும் அந்தப் பார்வையின் மிச்சங்களைக் காணலாம்.

அவரோடு ஒப்பிட்டால் இன்றைக்கு நம் ஏற்றுமதியாளர்கள் பல மடங்கு பறக்கிறார்கள். ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் வீட்டு ஜவுளிக்கான ஹெய்ம்டெக்ஸ்டில், வருடம் இருமுறை குவாங்சோவில் கேன்டன் கண்காட்சி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஜவுளி இயந்திரங்களுக்கான இட்மா. கரூர்க்காரர்களுக்குப் பிராங்க்பர்ட் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் பத்து முறை போனவரிடமும் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் கண்காட்சி மண்டபம், ஓட்டல், ஒரு வடஇந்திய உணவகம், விமான நிலையம் என்று நாலு இடத்தில் முடிந்துவிடும். கவிஞர் கதே 1749-ல் பிறந்தது அந்த ஊரில்தான். வீடு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் எழுத்து அச்சைத் தொடங்கிவைத்த குட்டன்பெர்க்கின் ஊரான மைன்ஸுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வீடு முழுக்கப் புத்தகம் வைத்திருப்பவர் இத்தனை முறை பக்கத்தில் போயும் மைன்ஸைப் பார்க்காமல் திரும்புவது கொஞ்சம் அநியாயம்.

இன்னும் தொழிலிலிருந்து முழுதாக விலகாதவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான். விமானச் செலவு தொழில் கணக்கில் போய்விடும், விசா எப்படியும் எடுத்தாக வேண்டும், கண்காட்சி முடிந்த பின் நான்கு நாள் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. விசா விண்ணப்பத்திலேயே அந்த நான்கு நாளையும் எங்கே தங்குவது என்பதையும் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சிக்கல் உண்டு. கண்காட்சிக்கு முன்னால் அந்த நாட்களை வைத்தால் மனம் சாம்பிள் பெட்டியிலேயே இருக்கும். பின்னால்தான் வைக்க வேண்டும். அப்போதும் ஏதாவது ஒரு பையர் "வெள்ளிக்கிழமை சந்திக்கலாமா" என்பார். வரமுடியாது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்த நான்கு நாள் மிஞ்சும்.

வீடு வாங்கிப்போடுவது

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். துபாயில் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து இருந்தால் 10 வருடக் கோல்டன் விசா கிடைக்கிறது. கோவையிலிருந்து சார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் நேரடி விமானம் இருப்பதால் நம் ஆட்களுக்கு அதில் ஈர்ப்பு. வீடு வாங்கினால் விசா என்று ஐரோப்பாவில் திறந்து வைத்திருந்த கதவுகளில் போர்ச்சுகல் 2023 அக்டோபரிலும் ஸ்பெயின் 2025 ஏப்ரலிலும் தங்கள் கதவைச் சாத்திவிட்டன. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்தால் ஐந்து லட்சம். வாங்கிய வீட்டை வருடா வருடம் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். மறந்தால் 2015-ம் வருடக் கறுப்புப் பணச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் ரூபாய்.

முதலீடாக அது சரியா என்பது வேறு விவாதம். பயணத்துக்காக என்றால் வேண்டாம். வீடு இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் அங்கேயே போக வேண்டியிருக்கும். போன இரண்டு நாள் குழாய் ஒழுகலும் ஏசி சர்வீஸும் பார்ப்பதில் கழியும். இங்கே இருக்கிற வாடகை வீடுகளின் தொல்லை போதாதா?

ஒரே ஊரில் ஒரு மாதம்

1799-ல் திப்பு வீழ்ந்து கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்த வருடமே பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரைக் கம்பெனி இந்தப் பக்கம் அனுப்பியது. ஈரோடு, காங்கேயம், தாராபுரம், கோயம்புத்தூர் என்று போன இடமெல்லாம் நின்று, மண் எப்படி, கிணற்றில் நீர் எவ்வளவு ஆழம், எந்தப் பயிருக்கு என்ன விளைச்சல், நெசவாளிக்கு என்ன கூலி என்று விசாரித்து எழுதினார். அந்தப் பயணக் குறிப்பு 1807-ல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சானது. வரி போடுவதற்காக எடுத்த கணக்கு அது, சந்தேகமே இல்லை. இருந்தாலும் இருநூறு வருடத்துக்கு முந்தைய நம் ஊர்த் தோட்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நின்று, கேட்டு, எழுதிக்கொண்டு போனவருக்குக் கிடைத்தது அது. அவர் நம்மைப் பார்த்த மாதிரி நாம் ஒருமுறை அவர்கள் ஊரைப் போய்ப் பார்த்தால் என்ன?

எந்த ஊர்? வாசிக்கிறவர் தன் தொழிலோடோ தன் ஊரோடோ ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. சென்னிமலையிலும் சிறுமுகையிலும் தறிக்காரர்கள் தினம் நூறு தடவை "ஜக்கார்டு" என்கிறார்கள். அந்த ஜக்கார்டு ஒரு மனிதரின் பெயர். 1752-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் பிறந்த நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையைத் தறியே நெய்துகொள்ளும் முறையை 1804 வாக்கில் உருவாக்கினார்.

ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர் லியோன், நம் பவானி மாதிரி. மேட்டின் மேல் குருவா ரூஸ் என்ற பகுதியில் பட்டு நெசவாளர்கள் இருந்தார்கள். அங்கே வாடகைக்கு எடுக்கும் பழைய வீட்டில் முதலில் கண்ணில் படுவது கூரையின் உயரம். ஏறத்தாழ நான்கு மீட்டர். ஜக்கார்டு தறியின் உயரத்துக்காகவே அப்படிக் கட்டினார்கள். ஜன்னலும் வெளிச்சத்துக்காக ஆள் உயரத்துக்கு மேல் போகும். வீடுகளுக்கு உள்ளாகவே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் சந்து வழிகள் இருக்கின்றன. பட்டுச் சுருள் மழையில் நனையாமல் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது அந்த வழியாகத்தான். அதே நெசவாளர்கள் கூலிக்காக 1831-லும் 1834-லும் கிளர்ந்து எழுந்தார்கள். ராணுவம் வந்து அடக்கியது. நெசவாளர் இல்லம் என்ற சிறு காட்சியகத்தில் இன்றும் தறி ஓட்டிக் காட்டுகிறார்கள். 1839-ல் இந்த ஊரில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு. அதில் ஒரு பிரதி ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னோடியாகத் தான் வடிவமைத்த கணக்கு இயந்திரத்துக்கு அதே அட்டை யோசனையை அவர் எடுத்துக்கொண்டார். நம் நெசவாளியின் தறியும் சரவணம்பட்டி ஐ.டி. கட்டிடமும் ஒரே அட்டையின் இரண்டு பேரப்பிள்ளைகள் என்பது அந்த வீட்டில் நிற்கும்போது உறைக்கும். பத்து நாளில் ஏழு நாடு போகிற பஸ் லியோன் பக்கமே வருவதில்லை.

லியோன் ஒரு உதாரணம்தான். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்க்காரர் அசல் மான்செஸ்டருக்குப் போகலாம். பக்கத்தில் ஸ்டைல் என்ற கிராமத்தில் 1784-ல் தொடங்கிய குவாரி பேங்க் பஞ்சாலையை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துத் தங்கவைத்த வீடும் அங்கே உண்டு. மில் முதலாளி யாராக இருந்தாலும் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் நெளிவார். லண்டன் என்றால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் மரப்புலி இருக்கிறது: வெள்ளைக்கார சிப்பாய் மேல் பாய்ந்து கிடக்கிற, வயிற்றுக்குள் இசைக்கருவி வைத்த பொம்மை. தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்ட 1805-ம் வருடம் மனதில் இருக்கிறவருக்கு அந்தப் பொம்மை வெறும் வேடிக்கைப் பொருளாகத் தெரியாது. அந்த அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு அறை போதும். ரோமானிய நகைகள் இருக்கும் பேழையில் கடல் நிறத்தில் ஒரு பெரில் கல்லைக் கண்டால் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரையும், கல் பட்டை தீட்டிய கொடுமணலையும் நினைத்துக்கொள்ளலாம். பெரில் கல் இந்தியாவில் கிடைக்கிறது, வேறு இடங்களில் அரிது என்று ரோமாபுரியின் பிளினி எழுதியிருக்கிறார்; பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற பெயரே வருகிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் இலவச வாசகர் அட்டை எடுத்தால் மதராஸ் மாகாணத்துக் கம்பெனிக் கோப்புகளையே வரவழைத்துப் படிக்கலாம். அதற்கு ஒரு மாதம்கூடப் பத்தாது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரைதான் இருக்கலாம். ஒரு மாதம் இதில் தாராளமாக அடங்கும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இந்தியர்களுக்கு 2024-ல் ஒரு சலுகையும் வந்திருக்கிறது: மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரியாகக் கிடைக்கலாம், அதன் பின் ஐந்து வருடம். ஆக, டூரிலோ கண்காட்சிக்கோ போய்வந்த பழைய பயணங்கள் வீண் அல்ல. ஒரு மாத வாசத்துக்கு அவையே வழி திறந்துவிடும்.

செலவு? இங்கேதான் பணக்காரர்கள் தவறான இடத்தில் கையை விடுகிறார்கள். இரண்டு பேருக்கு ஐரோப்பாவுக்கு பிசினஸ் கிளாஸ் போகிற செலவுக்கும் சாதாரண வகுப்புச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில், லியோன் மாதிரி ஊரில் நல்ல வீட்டின் ஒரு மாத வாடகை பெரும்பாலும் அடங்கிவிடும். முட்டி வலி இருந்தால் பிசினஸில் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போகிற பணத்தை எடுத்து, ஊர் நடுவில் நடக்கிற தூரத்தில் வீடு, வாரத்தில் இரண்டு நாள் அந்த ஊர் வரலாறு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடப்பது, காலையில் ஒரு மணி நேரம் மொழி சொல்லித்தர ஒரு ஆள் என்று செலவிட்டால் அது உருப்படியான செலவு. ஒரு மாதத்தில் பிரெஞ்சு வராது. காய்கறிக்காரரிடம் விலை கேட்டுத் திருப்பி வணக்கம் சொல்கிற அளவுக்கு வரும். இரண்டாவது வாரத்தில் அவர் நல்ல தக்காளியை எடுத்து ஒதுக்கி வைக்க ஆரம்பிப்பார். அங்கிருந்து ஊர் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து, எந்த மாதம் என்கிற கேள்வி. நம் பக்கத்தில் ஒரு மாதம் ஊரில் இல்லாமல் இருப்பதற்குப் பெரிய தடை தொழில் அல்ல, கல்யாணம். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் பத்து வருடம் கழித்தும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். முகூர்த்தம் இல்லாத மாதம் என்றால் ஆடி, புரட்டாசி, மார்கழி. ஆடியில் ஐரோப்பாவில் கோடை விடுமுறைக் கூட்டம், வாடகையும் உச்சத்தில் இருக்கும். போதாததற்கு ஆடி நோம்பி. மார்கழியில் சீக்கிரமே இருட்டிவிடும். மிஞ்சுவது புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. அங்கே பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் கலைந்திருக்கும், ஒரு ஸ்வெட்டரில் நாள் முழுக்க நடக்கலாம், திராட்சை அறுவடை நேரம். புரட்டாசியில் கறி சாப்பிடாதவர்களுக்கு இன்னொரு வசதி: எப்படியும் வீட்டில்தான் சமைக்கப் போகிறீர்கள்.

சமையல் என்று சொன்னதும் இந்த வழியின் பெரிய ஓட்டை வெளியே வந்துவிடுகிறது. யார் சமைப்பது? லியோனில் வீடு எடுத்து, அங்கேயும் காலையில் வீட்டம்மா குக்கர் வைக்க, ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்து பிரெஞ்சுப் புரட்சி படித்துக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் அது பயணம். அந்த அம்மாவுக்கு அடுப்பு மட்டும் மாறியிருக்கிறது. கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே ஆண்கள் ரசமும் ஒரு பொரியலும் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கு மனமில்லை என்றால் டூரில் போவதுதான் நியாயம்.

பருப்பும் புளியும் பெரிய ஊர்களில் இந்தியக் கடையில் கிடைக்கும். ஊரிலிருந்து நெய் டப்பா எடுத்துப் போகாதீர்கள்; ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆஸ்திரேலியா என்றால் பருப்புப் பொடி உட்பட எல்லாவற்றையும் வருகை அட்டையில் எழுதிக்காட்ட வேண்டும். பி.பி., சுகர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஜப்பானில் சில சாதாரண சளி மாத்திரைகளுக்கே தடை உண்டு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஓட்டை தனிமை. எல்லோரும் கேட்பார்கள்: "ஏனுங், அங்க போயி ஒரு மாசம் என்னங் பண்ணுவீங்க?" அந்தக் கேள்விக்கு உங்களிடமே பதில் இல்லை என்றால் பத்தாவது நாள் மில் வாட்சப் குழுவில் தலையிட ஆரம்பித்துவிடுவீர்கள். படிக்கிற பழக்கம் இந்த இடத்தில்தான் கை கொடுக்கும். அந்த ஊரின் வரலாறு ஒன்று, அந்த ஊர்க்காரர் எழுதிய நாவலின் மொழிபெயர்ப்பு ஒன்று, கிளம்பும் முன்பே படித்துவிடுவது நல்லது. கனமான புத்தகத்தை அங்கே போய்ப் பாதியில் தொடங்குங்கள். பகலில் பார்த்த தெரு இரவில் புத்தகத்தில் வரும்.

இதில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தால் முதலில் பினாங்கில் இரண்டு வாரம் இருந்து பார்க்கலாம். கோவையிலிருந்து நேரடியாகச் சிங்கப்பூர், அங்கிருந்து ஒரு குட்டி விமானம். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். சலுகை நீடிக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். 2008-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் தமிழிலேயே பேசி இட்லி சாப்பிடலாம். ஒரே ஊரில் பதினைந்து நாள் இருக்க உங்களால் முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முடியவில்லையா, சரி, ஷெங்கன் விண்ணப்பத்தில் நாலு ஊர் போட்டுவிடலாம்.

முடிகிறது என்றால் புரட்டாசிப் பயணத்துக்குப் பங்குனி, சித்திரையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குகிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி போடுங்கள். அப்புறம் பேங்க் வேலை. செக் கையெழுத்தையும் ஆன்லைன் அனுமதியையும் மகன் பெயருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டுப் போகாவிட்டால், ஒவ்வொரு ஓடிபியும் உங்கள் போனுக்குத்தான் வரும். லியோனில் காலை எட்டு மணி என்றால் திருப்பூரில் பதினொன்றரை. நூல் கடைக்காரருக்குப் பணம் போக வேண்டிய சரியான நேரம்.